நீலக் குடைகளைக் கலைத்த கடிதம்

அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். பன்னிரண்டு வரிகள். இடது கையால் எழுதியதால் எழுத்துகள் காற்றடித்த நெற்பயிர்போல ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தன. முடிவில் என் பெயர் இல்லை. "ஊர் நலன் விரும்பி" என்று இருந்தது. எங்கள் ஊரில் இப்படியான கடிதத்துக்குப் பெட்டிசம் என்று பெயர். கல்யாணத்தைக் குழப்ப, பிடிக்காத உத்தியோகத்தனை இடம் மாற்ற, பக்கத்து வீட்டுக்காரனை மாட்டிவிட, எல்லாவற்றுக்கும் பெட்டிசம் போடுவார்கள். படித்தவர்கள்தான் அதிகம் போட்டார்கள். அதற்கு நல்ல தமிழ் வேண்டும். நானும் படித்தவன். இப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐம்பது வருடங்களுக்கு மேலாக இதை ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தேன். சென்ற மாரிகாலத்தில் சொல்ல வேண்டி வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை எழுதப் போவதில்லை. அவர்களுடைய பெயரை நான் ஒருமுறை கெடுத்தது போதும்.

கோயில் பாடற் குழுவில் குரல்களை முதற் குரல், இரண்டாம் குரல், மூன்றாம் குரல் என்று பிரிப்போம். அந்த மூன்று பெண்களையும் இன்றுவரை அப்படித்தான் மனத்தில் வைத்திருக்கிறேன். எழுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் எங்கள் பங்குக் கோயிலில் நான் ஓகன் வாசித்தேன். வாரநாட்களில் கணிதம் படிப்பித்தேன். அதனால் எல்லோருக்கும் நான் 'மாஸ்டர்'. பெண்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. எனக்கு இருபத்துமூன்று. முதற் குரலின் தகப்பன் தபாலதிபர். இரண்டாம் குரலின் தாய் தையற்காரி. மூன்றாம் குரலின் மாமன் கப்பலில் வேலை செய்தார். அவர் ஒரு தரம் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்த இசைத்தட்டுகளில்தான் எல்லாம் தொடங்கியது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் மூன்று பேராக, நான்கு பேராகச் சேர்ந்து பாடிய பாட்டுகள். ஒருத்தி முன்னால் நின்று கெஞ்சுவாள். மற்றவர்கள் பின்னால் நின்று அவளைத் தேற்றுவார்கள், கேலி செய்வார்கள், சில இடங்களில் அவளைவிடப் பெரிதாக அழுவார்கள். செபமாலை முடிந்த ஒரு பின்னேரம் பங்கு மண்டபத்தில் அந்தத் தட்டுகளைச் சுழலவிட்டுக் கேட்டோம்.

"மாஸ்டர், இது எங்கடை ஒப்பாரி மாதிரியெல்லோ இருக்கு. ஒருத்தி சொல்ல மற்றவை பிடிக்கினம்" என்றாள் இரண்டாம் குரல்.

"ஒப்பாரிக்கு ஆரடி கை தட்டுறது?" என்று மூன்றாம் குரல் கேட்டாள். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் மனம் அதற்குள் என் கிற்றாரில் எந்தச் சுரம் பிடிப்பது என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

அவர்கள் மூவரும் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த நீல நிறக் குடைகளோடு ஒத்திகைக்கு வருவார்கள். ஜன்னல் கம்பியில் மூன்று குடைகளும் வரிசையாகத் தொங்கும். அதைப் பார்த்துத்தான் 'நீலக் குடைகள்' என்று பெயர் வைத்தோம். இரண்டாம் குரல் தமிழில் சொற்கள் எழுதினாள். அந்நிய மெட்டுக்கு எழுதுகிறோம் என்ற கூச்சமே அவளிடம் இருக்கவில்லை. பஸ் தவறவிட்டவள், தலைமுடி காயாதவள், காதலனின் சைக்கிள் மணியை அடையாளம் கண்டுவிட்டு அடையாளம் தெரியாததுபோல நடிப்பவள் என்று எங்கள் தெருவில் நடப்பதையே எழுதினாள். எழுதியதெல்லாம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் இருந்தது. மடத்துக் கொப்பி, ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் சிறிய சிலுவை அச்சிட்டிருக்கும். அவளைத் தவிர வேறு யாரும் அதில் எழுதியதில்லை. ஒத்திகை முடிந்ததும் மண்டபத்து அலுமாரியில் அதை வைத்துப் பூட்டித் திறப்பை என்னிடம் தருவாள்.

முதலில் கோயில் பெருநாளில் பாடினோம். பிறகு கார்ணிவலில், பிறகு ஊர் ஊராக. ஒலிபெருக்கிக்காரர் ஒரேயொரு மைக்தான் தருவார். மூவரும் அந்த ஒன்றைச் சுற்றி நிற்க வேண்டும். முதற் குரல் எங்கே நிற்பது, மற்ற இருவரும் எத்தனை அங்குலம் பின்னால் நிற்பது என்று நான் மேடைப் பலகையில் சோக்கட்டியால் கோடு போடுவேன். கோட்டைத் தாண்டினால் ஏசுவேன். "மாதா கோயில் குயிலுகள் கார்ணிவல் கிளியளாய்ப் போச்சு" என்று சந்தியில் நின்றவர்கள் பழித்தார்கள். மூன்றாம் குரல் திரும்பி, "கிளிக்குக் கொய்யாப்பழம் வேண்டித் தாங்கோவன் அண்ணை" என்பாள். அவளுக்கு எதற்கும் பயமில்லை. முதற் குரல் பாடும்போது மாத்திரம் பயமில்லாதவள். பாட்டு முடிந்ததும் தகப்பன் எங்கே நிற்கிறார் என்று சனத்துக்குள் தேடுவாள். நானோ ஒவ்வொரு மேடையிலும் அவர்களை, என் பெண்கள் என்ற பொருளில், 'என்ரை பெட்டையள்' என்று அறிமுகப்படுத்தினேன். அந்தச் சொல்லை அப்போது யாரும் தவறாக எடுக்கவில்லை. நான் அதை மெய்யென்று நம்பத் தொடங்கியிருந்தேன் என்பதுதான் தவறு.

கொழும்புக்குப் போய் ஓர் இசைத்தட்டும் பதிவு செய்தோம். பக்கத்துக்கு ஒரு பாட்டு. ட்ரம் வாசித்தவர் கொழும்பு இளைஞர், வேற்று மதத்தவர். அவருடைய அடி குரல்களை மூடியதால் அவரை வெளி விறாந்தையில் இருத்தி, கதவைப் பாதி திறந்துவைத்துப் பதிந்தார்கள். திரும்பி வரும் ரயிலில் இரண்டாம் குரல் என் பக்கத்தில் வந்திருந்து, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்.

"மாஸ்டர், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நீங்கள் சாப்பிடப் போன நேரம் உவள் அந்த ட்ரம்காரனோடை கடற்கரையிலை போய் ஐஸ்கிறீம் குடிச்சிட்டு வந்தவள். அரை மணித்தியாலம். எங்களுக்கு ஒரு வாய் கூடத் தரேல்லை."

எதிர் ஆசனத்தில் முதற் குரல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் குரல் அவளைக் காலால் தட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. ஓர் ஐஸ்கிறீம். அதற்குமேல் ஒன்றும் இருக்கவில்லை என்பது அன்றும் எனக்குத் தெரியும், இன்றும் தெரியும்.

வானொலியில் எங்கள் பாட்டு ஒலிக்கத் தொடங்கிய சில வாரங்களில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. கொழும்பில் இருந்த இசை அமைப்பாளர் ஒருவர் எழுதியிருந்தார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, நிகழ்ச்சிகள். மூன்று பெண்களையும் அழைத்துப் போக விருப்பம். வாத்தியக்காரர்கள் தன்னிடம் இருக்கிறார்கள். துணைக்கு ஒரு பெற்றாரும் வரலாம். என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது: "இதுவரை பயிற்றுவித்த தங்களுக்கு எமது நன்றி." அடுத்த மாதம் தானே நேரில் வந்து பெற்றாருடன் பேசுவதாகவும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் பெண்களுக்குக் காட்டவில்லை. மூன்று நாட்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த மூன்று நாளும் எனக்கு இருந்தது கோபமல்ல, பயம். அவர்கள் இல்லாவிட்டால் நான் சின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வாத்தி. கோயிலில் ஓகன் மிதிப்பவன். சந்தியில் என்னைக் கண்டதும் யாரும் சைக்கிளை நிறுத்தப் போவதில்லை. அந்தச் சிறிய பயத்துக்காகத்தான் எல்லாவற்றையும் செய்தேன். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைத் தேடிப் பல வருடம் மினக்கெட்டிருக்கிறேன். இல்லை.

மண்டபத்து அலுமாரியைத் திறந்து இரண்டாம் குரலின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். கைக்கு அகப்பட்ட தாள் அது என்றுதான் நீண்ட காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பக்கத்தில் என்னுடைய கணக்குத் தாள்கள் கட்டாகக் கிடந்தன. சிலுவை அச்சிட்ட தாள் யாரைக் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தெரியும். ஐஸ்கிறீமை ஹோட்டல் அறையாக மாற்றினேன். அரை மணித்தியாலத்தை ஒரு பின்னேரமாக நீட்டினேன். முதற் குரலின் தகப்பனுக்கு விலாசம் எழுதி, பஸ் ஏறிப் பருத்தித்துறைக்குப் போய் அங்கே தபாலில் போட்டேன். அவர் தபாலதிபர் என்பதால், அடுத்த நாள் காலைப் பையில் வந்த அந்தக் கடிதத்துக்குத் தானே முத்திரை குத்திவிட்டுத்தான் பிரித்து வாசித்திருக்கிறார்.

முதற் குரலை மூன்று மாதத்துக்குள் கட்டிக் கொடுத்தார்கள். அவளைவிடப் பதினாறு வயது மூத்த ஒருவருக்கு. அதன்பின் அவள் கோயிலில்கூடப் பாடவில்லை. கொழும்பிலிருந்து வந்த இசை அமைப்பாளரை நானே ரயில் நிலையத்தில் சந்தித்து, குழு கலைந்துவிட்டது என்று துக்கமாகச் சொல்லி, அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியேறும் நேரம், கோயில் வாசலில் முதற் குரல் அந்தத் தாளை இரண்டாம் குரலின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "உன்ரை கொப்பி. உனக்குத் தெரிஞ்ச கதை. எழுத்தை மாத்தினால் எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?" என்றாள். இரண்டாம் குரல், "நானில்லையடி" என்றாள். அதைத் தவிர அவளுக்கு வேறு சொல் வரவில்லை. நான் நாலு அடி தள்ளி, ஓகன் அறைத் திறப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். அங்கே வாய் திறந்திருக்கலாம். பிறகு அழுதேன், மூவருடனும் தனித்தனியே இருந்து அழுதேன். என் குழு அல்லவா உடைந்தது? என்னை யார் சந்தேகிப்பார்கள்?

அன்றிலிருந்து இரண்டாம் குரலுக்கு ஊரில் 'பெட்டிசக்காரி' என்று பெயர். அவளுக்கு வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. எழுதுகிற கையுள்ள மருமகளை யாரும் வீட்டுக்குள் எடுக்கத் துணியவில்லை. அவள் கல்யாணமே செய்யவில்லை. மூன்றாம் குரல் கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போனாள். சில வருடங்களுக்கு முன் அங்கேயே புற்றுநோயில் இறந்தாள்.

உலகம் பெரியது என்று நம்பித்தான் நான் கனடாவுக்கு ஓடி வந்தேன். எண்பதுகளின் நடுவில், பார்க்டேல் என்ற நகர்ப்பகுதியில், ஓர் அறைக்குள் ஐந்து பேர். சண்டையிலிருந்து தப்பி வந்தேன் என்று அகதி விண்ணப்பத்தில் எழுதினேன். அது மெய்தான். ஆனால் விமானத்தில் எனக்கு வந்த நிம்மதி வேறு வகை. இரண்டு வருடம் போகவில்லை; பலசரக்குக் கடையில் அரிசி மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் இரண்டாம் குரலின் சிரிப்புக் கேட்டது. குளிர்ச் சட்டையின் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, எடுத்த சாமான்களை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். பிறகு முதற் குரலும் கணவனும் மகளும் வந்து அதே நகரத்தில் சென் ஜேம்ஸ் ரவுணில் குடியேறினார்கள். ஊர் முழுவதும் ஒவ்வொருவராக வந்து இந்த நகரத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. செத்த வீடுகளில் இருவரையும் தனித்தனியே கண்டு, "சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்பேன். இருவரும் என்னுடன் அன்பாகப் பேசுவார்கள். அதுதான் பெரிய பயம். கோபித்தவர்களுக்குப் பயப்படலாம், ஒளிக்கலாம். நம்பிக்கையோடு கையைப் பிடிப்பவர்களிடம் ஒளிக்க இடமில்லை. ஒருமுறை பார்க்டேலில் ஒரு வெள்ளைக்காரச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "ஒரு பிழையான கடிதம் எழுதினேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்று 'அருள்நிறை மரியே' செபம் சொல்லச் சொன்னார். பெட்டிசம் என்றால் என்னவென்று தெரியாத ஒருவரைத் தேடிப் போய்த்தான் சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது, மாதாவுக்குத் தெரிந்திருக்கும்.

சென்ற மாரியில் முதற் குரலின் மகள் என்னைத் தேடி வந்தாள். இங்கேயே வளர்ந்தவள், நாற்பதைத் தாண்டியவள். தன் தாய் ஒரு காலத்தில் இசைத்தட்டில் பாடியவர் என்பது தகப்பன் இறந்த பிறகுதான் அவளுக்குத் தெரிய வந்ததாம். 'நீலக் குடைகள்' வரலாற்றை ஒலிப்பதிவாகச் செய்து எல்லோரும் கேட்கும்படி இணையத்தில் போடப் போகிறாள். மூன்று பின்னேரங்கள் வந்து என்னிடம் கேட்டுப் பதிந்தாள். நான் ஒப்பாரிக் கதை சொன்னேன், ஒற்றை மைக் கதை சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கேட்டாள். நான்காம் முறை வந்தபோது சப்பாத்தைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"மாஸ்டர் அங்கிள், அவவைக் கண்டுபிடிச்சிட்டன்! இங்கைதான், மல்வேர்ன்ல இருக்கிறா."

"ஆரைப் பிள்ளை?"

"அந்த லெட்டர் எழுதின அன்ரியை. சனிக்கிழமை ஹோல் புக் பண்ணியிருக்கு. அம்மாவும் வருவா. ரீயூனியன் எண்டுதான் அன்ரிக்குச் சொன்னனான். ஆனா ரெக்கோர்டிங் ஓடேக்கை நான் லெட்டரை லவுட்டா வாசிப்பன். ஏன் எழுதினனீங்கள் எண்டு கேப்பன். ஸொறி சொன்னா ஓகே. சொல்லாட்டியும் ஓகே. பீப்பிளுக்குத் தெரியோணும்."

பிறகு பையிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் உறையை எடுத்து என் முன்னால் மேசையில் வைத்தாள். தபாலதிபர் அதை எறியவில்லை; சாகும்வரை வைத்திருந்து மகளான முதற் குரலிடம் கொடுத்திருக்கிறார். தாள் தேநீர் நிறமாகியிருந்தது. மேல் மூலையில் சிலுவை. சாய்ந்த என் எழுத்து. கைகளை மேசைக்குக் கீழே கொண்டுபோனேன்.

"உங்களுக்கு உந்தக் கையெழுத்துத் தெரியுமா அங்கிள்?"

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்னெண்டு பிள்ளை தெரியும்" என்றேன்.

அவள் போன பிறகு அந்த மறுமொழியை நினைத்து வெட்கப்பட்டேன். ஐம்பது வருடத்துக்கு முன் செய்ததை இளமையின்மேல் போட்டுவிடலாம். இதை எதன்மேல் போடுவது? சனிக்கிழமை நடக்கப்போவது எனக்குத் துலக்கமாகத் தெரிந்தது. இரண்டாம் குரல் மறுபடியும் சனத்தின் முன்னால் நிற்பார். மறுபடியும் "நானில்லை" என்பார். இந்தத் தடவை அது ஒரு கோயில் வாசலில் முடியாது. உலகத்தில் எங்கள் ஊர்ச் சனம் சிதறிய இடமெல்லாம் கேட்கும். அவர் செத்த பிறகும் கேட்கும்.

வியாழக்கிழமை காலை பஸ் எடுத்து மல்வேர்னுக்குப் போனேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. முதியோர் தொடர்மாடியின் ஐந்தாம் தளம். இரண்டாம் குரல் முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். சோபாவில் மூன்று சேலைகள் விரித்துக் கிடந்தன.

"வாங்கோ மாஸ்டர், வாங்கோ. சனிக்கிழமைக்கு உதிலை எதை உடுக்கிறதெண்டு நீங்களே சொல்லுங்கோ. உந்தப் பச்சை வயசுக்கு மீறினதோ? ஐம்பது வருசத்துக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். இனி எனக்கு ஒண்டும் வேண்டாம்."

நான் இருக்கவில்லை. குளிர்ச் சட்டையோடு நின்றபடியே சொன்னேன். "அந்தப் பெட்டிசத்தை எழுதினது நான்" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. "எந்தப் பெட்டிசம்?" என்று கேட்டார். மறுபடி சொன்னேன். மலேசியக் கடிதத்தைச் சொன்னேன். தாளைக் கிழித்ததைச் சொன்னேன். அவர் மெதுவாகச் சேலைகளை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். பிறகு மூன்றாம் குரலின் பெயரைச் சொன்னார்.

"அவள்தான் எழுதினவள் எண்டு இருந்தனான். அவளுக்கும் அந்த ட்ரம்காரனிலை ஒரு கண் இருந்தது. கொப்பி இருக்கிற இடமும் தெரியும். வேறை ஆர் எண்டு நினைச்சனான்." ஒரு சேலையை மடித்து மடியில் வைத்தார். "அவள் ஆஸ்பத்திரியிலையிருந்து ரெண்டு தரம் போன் எடுத்தவள். ஜெர்மனி நம்பரைக் கண்டிட்டு நான் எடுக்கேல்லை. மணி அடிச்சு அடிச்சுத் தானாய் நிண்டது."

எழுதியவன் கணக்கு வாத்தி. ஆனால் அந்தத் தாள் எத்தனை வீட்டுக்குள் போகும் என்று கணக்குப் பார்க்கவில்லை.

"உமக்கு நான் என்ன செய்தனான்?" என்று கேட்டார். அன்றுவரை என்னை 'நீங்கள்' என்று சொன்னவர்.

"ஒண்டும் செய்யேல்லை."

"ஒண்டும் செய்யாதவளின்ரை கொப்பியையே கிழிச்சனீர்?"

சப்பாத்தைத் தேடினார். "கோட்டைக் கழட்டாதேயும். இப்பவே அவளிட்டைப் போவம்" என்றார். சனிக்கிழமை வரை பொறுக்கலாமே என்று நான் தொடங்கினேன். "சீலை உடுத்துக்கொண்டு வந்து கேக்கிற கதையே உது?" என்றார்.

கெனடி நிலையம்வரை பஸ், அங்கிருந்து சப்வே. ஒன்றரை மணித்தியாலம். அவர் எனக்கு முன் ஆசனத்தில் இருந்தார், ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்தபோது இறங்கி ஓடிவிடலாம் என்று தோன்றியது. எழுபத்தெட்டு வயதில், பனியில், எங்கே ஓடுவது? ஷேர்போர்னில் இறங்கி நடந்தோம். அவர் வழுக்கியபோது கையை நீட்டினேன். அவர் பக்கத்தில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

முதற் குரலின் மகள் அன்று வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தாள். கதவைத் திறந்து எங்கள் இருவரையும் கண்டதும் வழிவிட்டு ஒதுங்கினாள். உள்ளே முதற் குரல், முழங்காலில் போர்வையோடு ஜன்னல் அருகே இருந்தார். இரண்டாம் குரலைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரயிலில் திருப்பியதுபோல அல்ல. நான் மகளிடம், "பிள்ளை, உன்ரை ரெக்கோர்டரைப் போடு" என்றேன். பிறகு முழுவதையும் சொன்னேன். என் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லித் தொடங்கி, எதையும் விடாமல் சொன்னேன்.

முடித்தபோது முதற் குரல் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"எங்களைக் கூப்பிட்டவங்களோ?"

"ஓம்."

"மலேசியாவுக்கு?"

"மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும். ஆறு கிழமைக்கு."

"ஆறு கிழமை" என்றார். திரும்பவும் ஒருமுறை, "ஆறு கிழமை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல், "நீர் போம்" என்றார்.

வாசலில் மகள் என் பின்னால் வந்தாள். அவளுடைய கையில் ரெக்கோர்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "இதை நான் போடலாமோ?" என்று மட்டும் கேட்டாள். அங்கிள் என்ற சொல் இல்லை. "என்ரை பெயரோடை போடு பிள்ளை. அன்ரியின்ரை பேரிலை இருக்கிற பழியைத் துடைச்சு விடு" என்றேன். லிஃப்டுக்காக நின்றபோது மூடிய கதவுக்கு அப்பால் சத்தம் கேட்டது. நான் பயந்தது அழுகைக்கு. கேட்டது சண்டை.

"நீ ஏனடி என்னைப் பிடிச்சு உலுப்பேல்லை? நானில்லை எண்டு ஒரு சொல்லோடை போனனீ!"

"உலுப்ப வந்தனான்! மூண்டு நாள் வந்தனான்! உன்ரை அப்பர் கேற்றைத் திறக்கேல்லை!"

"மதிலாலை ஏறிக் குதிச்சிருக்கலாம்!"

"சீலையோடையோ?"

பத்தொன்பது வயதில் போட்டிருக்க வேண்டிய சண்டை. அதைக்கூட நான் அவர்களிடமிருந்து எடுத்துவிட்டிருந்தேன். லிஃப்ட் வந்து, திறந்து, மூடி, என்னை விட்டுவிட்டுப் போனது. அடுத்ததில் ஏறினேன்.

முதற் குரலின் மகள் நான் சொன்னபடியே செய்தாள். பதிவு வெளிவந்த கிழமையிலிருந்து என் தொலைபேசி முதலில் ஓயாமல் அடித்தது, பிறகு அடிக்கவேயில்லை. அழைத்த ஒருவர், "என்ன மாஸ்டர், புதுசா ஏதும் எழுதுறியளோ?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு வைத்தார். கோயிலில் நான் இருக்கும் வாங்குப் பலகையில் இப்போது இடம் தாராளம். என் மகன் பதிவை முழுக்கக் கேட்டுவிட்டு வந்து, "அம்மாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டான். தெரியாமலே இறந்துவிட்டாள் என்றேன். அவன் தலையை ஆட்டினான். அது என்ன ஆட்டு என்று இன்னும் எனக்குத் தெரியாது. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. இரண்டாம் குரல் தனியாக ஐம்பது வருடம் சுமந்ததில் இது ஒரு பங்குதான்.

அவர்கள் இருவரும் தொலைபேசியில் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அரைவாசி நேரம் சண்டையாம். என்னிடம் பேச வேண்டாம் என்று முதற் குரல் மகளுக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் குரல் ஒரே ஒரு தரம் என்னை அழைத்தார். "ஜெர்மனியிலை அவளின்ரை மகன் இருக்கிறான். அவனுக்கு எழுதும். எல்லாத்தையும் எழுதும், நான் போன் எடுக்காததையும் எழுதும். மறுமொழி வந்தால் என்னட்டைக் கொண்டந்து காட்டும்" என்றார். விலாசத்தை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லவைத்தார். அன்றே எழுதினேன். வலது கையால், பெயரும் முகவரியும் போட்டு.

ஆறு கிழமை ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் கீழே போய்த் தபாற்பெட்டியைத் திறந்து பார்ப்பேன். சென்ற செவ்வாய்க்கிழமை வந்தது. சிறிய கடிதம், தமிழ் பிழை என்றால் மன்னிக்க வேண்டும் என்று தொடங்கியிருந்தான்.

"அம்மா உங்களை நல்ல மாஸ்டர் என்று சொல்லுவார். ஆஸ்பத்திரியில் இருந்து அவர் கனடாவுக்கு இரண்டு தரம் அல்ல, பல தரம் போன் எடுத்தார். என் மொபைலில் இருந்து இரண்டு தரம். மற்றது ஆஸ்பத்திரி போனில், அதில் நம்பர் விழாது. அன்ரி வேலைக்குப் போயிருப்பா, பிறகு எடுப்பம் என்று எனக்குச் சொல்லுவார். அவர் அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தை அவருடைய படத்துக்கு முன்னால் வாசிக்க யோசித்தேன். வாசிக்கவில்லை."

அந்த நாள் முழுவதும் பழைய மாஸ்டர் எனக்குள் எழுந்து வந்து பேசினார். 'பல தரம்' என்பதை இரண்டாம் குரல் எதற்கு அறிய வேண்டும்? மறுமொழி வரவில்லை என்று சொல்லிவிடு. இன்னும் எத்தனை வருடம் இருக்கப் போகிறார், நிம்மதியாக இருக்கட்டுமே. சொன்னது எல்லாம் கருணைபோலத்தான் இருந்தது. ஒரு கடிதத்தைச் சட்டைப் பைக்குள் ஒளித்து மற்றவர்களின் வாழ்க்கையை ஒழுங்குபடுத்த நினைப்பவனுக்குக் காரணங்கள் எப்போதும் நல்லதாகவே கிடைக்கும்.

நேற்றுக் காலை மல்வேர்ன் பஸ் எடுத்தேன். கட்டட வாசலில் இருந்த அழைப்புப் பெட்டியில் அவருடைய வீட்டு இலக்கத்தை அழுத்தினேன். விரல் உறைந்து இரண்டு தரம் பிழையான இலக்கம் விழுந்தது. மூன்றாம் தரம் அவர் குரல் கேட்டது.

"ஆர்?"

"மாஸ்டர்."

"வந்திட்டுதோ?"

"ஓம்."

"நல்லதோ, கூடாததோ?"

சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "நீங்களே வாசியுங்கோ" என்றேன்.

அந்தச் சின்ன ஒலிபெருக்கியின் ஓட்டைகளைப் பார்த்தபடி நின்றேன். பிறகு மேலிருந்து அவர் அழுத்த, கதவின் பூட்டு விடுபட்டது.